பாட்டு வேண்டும், கட்டினவள் பெயர் வேண்டாம்

சபையில் பாட்டுப் பழக்குகிற வேலை என்பது, ஆண்டவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பதில் சொல்லுகிற வேலை.

ஆண்டவர் ஒருநாளும் என்னிடம் வந்து ஏன் இந்தப் பாட்டு, ஏன் இந்த மெட்டு, ஏன் இவள் முன்வரிசையில் நிற்கிறாள் என்று கேட்டதில்லை. கேட்பவர்கள் வேறு ஆட்கள். நீங்களும் எங்காவது ஒரு சபையில் பாடகர் குழுவையோ நத்தார்ப் பண்டிகை நாடகத்தையோ இழுத்துக்கொண்டு போகிறவராக இருந்தால், அவர்களை உங்களுக்கும் தெரியும். உங்கள் ஊரில் அவர்களுக்கு வேறு பெயர் இருக்கும். உட்கார்ந்திருக்கிற கதிரை ஒன்றுதான்.

நான் மட்டக்களப்பில் பிறந்து, பாதிப் படிப்பைத் தமிழிலும் மீதியை ஆங்கிலத்திலும் படித்து, லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். வந்த கையோடு, கல்முனை வீதிக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் சின்னச் சபையில் ‘தாலந்து வளர்ப்பு ஊழியம்’ என்ற ஒன்றை என் தலையில் கட்டினார்கள். பாட்டு, நாடகம், சித்திரம், எது வந்தாலும் வளர்க்க வேண்டுமாம். எஜமான் தந்த தாலந்துக் காசைப் பெருக்காமல் மண்ணில் புதைத்த வேலைக்காரனைப் பற்றி எங்கள் சபையில் அடிக்கடி பிரசங்கம் நடக்கும். மண்வெட்டி யாருடைய கையில் இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நான் விசுவாசி. அதனால்தான் இவ்வளவு கோபம். விசுவாசம் இல்லாதவளாக இருந்தால் எப்போதோ சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

வட்டைக்குள் வந்த பாட்டு

ஸ்டெல்லா தையல்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் அன்ரன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். வாவிப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீடு, முன்னறையில் மெஷின். பாட்டுப் பழக்கத்துக்கு வந்த முதல் நாள், “உங்களுக்கு என்ன பாட்டு வரும்?” என்று கேட்டேன். “நானே கட்டினது ஒண்டு கிடக்கு மிஸ், பாடவா?” என்றாள். அந்த வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு கட்டின பாட்டு.

“வெள்ளம் வட்டையை மூடிப் போட்டுது ஆண்டவரே,
வரம்பு எங்கே எண்டு உமக்குத்தான் தெரியும்.”

வட்டை என்று நாங்கள் சொல்வது பரந்து கிடக்கிற நெல்வயல் வெளியை. மாரியில் வாவி பெருகி வந்தால் வட்டை முழுக்க ஒரே தண்ணீர். யாருடைய வயல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் நின்று ஒருத்தி கடவுளிடம் கதைக்கிறாள். எத்தனையோ பெரிய தேவாலயங்களில் பெரிய பெரிய குழுக்கள் பாடக் கேட்டிருக்கிறேன். இன்னொருதரம் பாடுங்கள் என்று நான் கேட்டது இங்கேதான், கரகரத்த மின்விசிறிக்குக் கீழே.

எங்கள் செயலாளர் ஜெபரத்தினம் ஐயா பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வெள்ளக் காலத்தில் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்த மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் எழுந்து வந்து, பாட்டு நல்லது, ஆனால் ஆலயத்துக்குள் ‘வட்டை’ என்று பாடுவது நாட்டுப்புறமாக இருக்கிறது, ‘வயல்நிலம்’ என்று மாற்றினால் மரியாதையாக இருக்கும் என்றார். ஸ்டெல்லா யோசித்துவிட்டு மிகவும் பணிவாகக் கேட்டாள்: “வயல்நிலம் எண்டா எங்கட வட்டையைத்தான் சொல்றம் எண்டு ஆண்டவருக்கு விளங்குமா ஐயா?”

மத்தளத்துக்கு ஒரு ஜெபம்

அந்தப் பாட்டுக்குக் கீபோட்டில் இருக்கிற ‘டிக் டிக்’ தாளம் பொருந்தவில்லை. களுதாவளையில் இருந்து கனகு அண்ணனைக் கூப்பிட்டேன். கூத்துக்கும் சைவக் கோயிலுக்கும் மத்தளம் அடிக்கிறவர். சைக்கிளில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு வந்து, பாட்டை ஒருதரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இரண்டாம் தரம் அடித்தார். ஸ்டெல்லாவின் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த பழக்கத்துக்கு நிர்வாகக் குழுவில் பாதி வந்து நின்றது. கோயிலில் அடித்த மத்தளம் ஆலயத்துக்குள் எப்படி வரலாம்? கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்: மத்தளத்தின் மேல் கை வைத்து ஜெபித்துவிட்டு அடிக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் போய் நின்றேன். விருந்தாளியாகக் கூப்பிட்ட மனிதனின் சாமானில் என்ன பிசாசைக் கண்டார்கள்? கனகு அண்ணனோ கையைக் கட்டிக்கொண்டு, நீண்ட ஜெபம் முழுவதும் தலை குனிந்து நின்றார். ஆமென் சொன்னதும் அவரும் ஆமென் சொன்னார். பிறகு மூலையைக் காட்டி, “ஐயா, முடிச்சதோட முடிச்சதா அந்தக் கீபோட்டுக்கும் ஒரு ஜெபம் பண்ணி விடுங்க. போன கிழமை நம்மட பக்கத்துக் கலியாண வீட்டில சினிமாப் பாட்டெல்லாம் அதிலதான் வாசிச்சவங்க, நான் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டன்” என்றார்.

லண்டனில் இருந்து வந்தவள்தானே

கொழும்பில் இருந்து விருந்தினர் வருகிறார்கள், ஆங்கிலப் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்று உத்தரவு. ‘மிஸ் லண்டன்ல இருந்தவதானே’ என்று என்னையே அதற்குக் காரணமும் ஆக்கிவிட்டார்கள். ஸ்டெல்லாவின் பாட்டை அன்றைக்கு வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னார்கள். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, கிளிப்பிள்ளைக்குப் பழக்குவது போலப் பழக்கினேன். விருந்தினர் கண்ணீர் விட்டார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்கும்போது, எங்கள் குழுவில் வயதில் மூத்தவரான எமிலி அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நல்லாத்தான் பாடின நாங்க. ஆனா மிஸ், ஆண்டவரிட்ட என்னத்தக் கேட்டம் எண்டு ஒருக்காச் சொல்லிப்போடுங்க. தந்தாரெண்டா அடையாளம் தெரிய வேணுமெல்லா?”

கீழே ஒரு கோடு

சபை ஆண்டுவிழாவுக்குப் பாட்டுத்தாள் அடித்தோம். ஸ்டெல்லாவின் பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பாட்டும் மெட்டும்: ஸ்டெல்லா’ என்று போட்டிருந்தேன். அச்சுக்குப் போக முதல் செயலாளர் பார்த்தார். பேனையால் அந்த வரிக்குக் குறுக்கே ஒரு கோடு.

“மகிமை ஆண்டவருக்குத்தான் மிஸ். மனுசர் பேர் வந்தாப் பெருமை வந்திடும். அவவுக்கே அது நல்லதில்ல.”

நான் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆலயத்தைச் சுற்றிக் காட்டினேன். மின்விசிறியில் ஒருவர் பெயர். மணிக்கூட்டில் ஒருவர். பிரசங்க மேடையில் குடும்பத்தோடு நான்கு பெயர், தங்க நிறத்தில். தண்ணீர் வடிகட்டுகிற பீப்பாயில் கூட ‘அன்பளிப்பு’ என்று போட்டு ஒரு கனடாக்காரரின் பெயர். தாகத்துக்குக் குடிக்கப் போகிறவன் அவரைத் தெரிந்துகொண்டுதான் குடிக்க வேண்டும். “இவர்களுக்கெல்லாம் பெருமை வராதா ஐயா?” என்றேன். “அது நன்றி” என்றார். “இது?” “இது வேற.”

அந்த ‘இது வேற’ என்ற சொல்லைத்தான் நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிக் கொடுத்தால் பெயர் போடலாம்; உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தால் போடக்கூடாது. எங்கள் வேதத்திலேயே எத்தனை பாட்டுகளுக்கு மேலே இன்னார் பாடியது என்று எழுதியிருக்கிறது! அந்தப் பெயர்களால் கடவுளின் மகிமை ஒரு சுண்டு குறைந்ததாக எவரும் முறையிடவில்லை. ஒருவருக்குள் ஒரு பாட்டை வைத்தவர், அதை வைத்த பாத்திரத்தைப் பார்த்து வெட்கப்படுவாரா? இதையெல்லாம் சொன்னேன். எங்கள் இளம் போதகர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த ஒரே தீர்வைச் சொன்னார்: “ஜெபிப்பம் சிஸ்டர்.” தாள் பெயரில்லாமல் அச்சானது.

ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படவில்லை. ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: “நான் தைக்கிற சட்டை எல்லாத்திலயும் கொலருக்குள்ள என்ட பேர்த் துண்டு ஒண்டு வைக்கிறனான் மிஸ். பெருமைக்கில்ல. பிரிஞ்சு போனா ஆரிட்டக் கொண்டு வாறதெண்டு தெரியணுமே, அதுக்கு.”

மடித்துக் கொடுத்த சேலை

வெளியூரில் இருந்து ஒரு பாட்டுப் பாஸ்டர் மூன்று நாள் கூட்டத்துக்கு வந்தார். ஸ்டெல்லா பாடினபோது முன்வரிசையில் இருந்து கைபேசியில் முழுப் பாட்டையும் பிடித்தார். “அபிஷேகமான பாட்டு, சிஸ்டர்” என்று அவளுடைய தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

சில மாதம் கழித்து எங்கள் சபையின் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. நீல வெளிச்சம், புகை, கிட்டார், கண்ணை மூடிக்கொண்டு அதே பாஸ்டர். மெட்டு ஸ்டெல்லாவினது. ‘வட்டை’ அங்கே ‘வாழ்க்கை’யாகிவிட்டது. ‘வரம்பு’ ‘வழி’யாகிவிட்டது. வெள்ளம் வாழ்க்கையை மூடினாலும் வழி தெரியுமாம். ஒரு வயல் கூட நனையவில்லை. கீழே, ‘ஜெபத்தில் எங்களுக்குக் கிடைத்த புதிய பாடல்’ என்று போட்டிருந்தது. ஜெபத்தில் கிடைத்ததாம்! எங்கள் முன்வரிசை வாங்கில், சார்ஜ் குறைந்த கைபேசியில் கிடைத்தது என்று நான் எழுதப் போனேன். அதற்கு முதல் எங்கள் ஆட்களே கைகூப்பின படங்களாகப் போட்டுக் குவித்துவிட்டார்கள்.

செயலாளரிடம் போனேன். “சந்தோசப்படுங்க மிஸ், நம்மட பாட்டு உலகம் முழுக்கப் போகுது” என்றார். நம்மட பாட்டு! ஸ்டெல்லாவினது என்று சொல்ல வராத வாய்க்கு, நம்மட என்று சொல்ல மட்டும் எவ்வளவு சுகமாக வருகிறது. அந்தப் பாஸ்டருக்கு ஒரு சொல் எழுதும்படி கேட்டேன். ஊழியக்காரருக்கு எதிராகக் கதைப்பது ஆசீர்வாதம் இல்லை என்றார். சபையே அவளுடைய பெயரைத் தாளில் இருந்து எடுத்திருந்தது. பிறகு எந்த வாயால் வெளியாளைக் கேட்பது? கதவைத் திறந்து வைத்ததே நாங்கள்தான்.

அடுத்த பழக்கத்துக்கு ஸ்டெல்லா வந்தாள், பாட அல்ல. பாடகர் குழுச் சேலையைத் தோய்த்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். இனிப் பாட்டுக் கட்ட மனமில்லை என்றாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பையைத் தொட்டுக் காட்டி, “பிளவுசில கொக்கி ஒண்டு கழண்டு கிடந்தது மிஸ், தச்சு வச்சிருக்கன். அடுத்து வாற ஆள் கரைச்சல் இல்லாம உடுக்கலாம்” என்றாள்.

அறுப்பின் பண்டிகை

எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆலயம் சந்தை போல மணக்கும். புது நெல், கத்தரிக்காய், வாழைக்குலை, உயிர்க்கோழி, வாவி இறால் எல்லாம் வரும். ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைக்க, செயலாளர் ஒலிவாங்கியில் இன்னார் குடும்பம், இன்ன பொருள் என்று அறிவிப்பார். பிறகு வெளியே ஏலம்.

பண்டிகைக்கு முந்தின கிழமை ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். குழுவுக்குத் திரும்பி வா என்று கேட்கப் போகவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. சும்மாதான் போனேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள், இந்த வீட்டு வளவு உப்பு மண், ஒரு கீரை கூட வராது, ஒவ்வொரு வருஷமும் தலையணை உறை தைத்துத்தான் கொண்டுபோவேன் என்று. பிறகு என்னைப் பார்க்காமல், “இந்த முறை என்னிட்ட விளைஞ்சதத்தான் கொண்டு வரப்போறன் மிஸ்” என்றாள். “முன்னுக்கு வச்சாப் பேர் வாசிக்கத்தானே வேணும்?”

அன்றைக்கு அவள் வரிசையில் வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முன்னால் எமிலி அக்காவின் மருமகள் கோழியோடு. பின்னால் எமிலி அக்கா ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு. நடுவில் ஸ்டெல்லா, ஒரு சுளகில் அயலில் வாங்கின புது நெல்லைப் பரப்பி, அதன் மேல் தன்னுடைய கையெழுத்தில் பாட்டுத்தாளை வைத்துக்கொண்டு வந்தாள். செயலாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மேலே விசிறியைப் பார்த்தேன். வரிசை நெருக்கிக்கொண்டு வந்தது, கோழி கத்தியது, அவருக்கு யோசிக்க நேரமில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, வழக்கம் போல வீட்டுத் தலைவரின் பெயரைச் சொன்னார்: “கட்டாரில் இருக்கும் சகோதரர் அன்ரன் குடும்பம், ஒரு பாட்டு.”

இவ்வளவு பாடுபட்டு, பாட்டு கட்டாருக்குப் போய்விட்டது! வருஷா வருஷம் பெண்கள் நட்டதும் கொத்தினதும் சுமந்ததும் எல்லாம் அந்த முறையில்தான் அறிவிக்கப்படும். அதைப் பற்றி எவரும் யோசித்ததில்லை, யோசித்தவர்கள் சொன்னதில்லை.

ஸ்டெல்லா சுளகைக் கீழே வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் முழு ஆலயத்துக்கும் கேட்டது: “அவர் அங்க லொறி ஓட்டுறார் ஐயா. அவருக்குப் பாட்டுக் கட்ட வராது, பாடினாப் பிள்ளைகள் அழும். இது நான் கட்டினது. என்ட பேரச் சொல்லுங்க, வைக்கிறன்.”

செயலாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு போதகரைப் பார்த்தார். போதகர் ஜெபிப்போம் என்று சொல்வார் என்றுதான் நானும் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, “அவங்கட பேரச் சொல்லுங்க ஐயா” என்றார்.

ஜெபரத்தினம் ஐயா ஒலிவாங்கியில் இருந்து கையை எடுத்தார். “ஸ்டெல்லா” என்றார். “ஒரு பாட்டு.”

அவள் சுளகை வைத்தாள். பாட்டை ஏலத்தில் எப்படி விடுவது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் கனகு அண்ணன், நெல் கொடுக்க வந்த ஒரு பெரிய வயற்காரப் போடியாரோடு துணைக்கு வந்து பின்னால் நின்றவர், பக்கத்து வாங்கைக் கையால் தட்டத் தொடங்கிவிட்டார். யாரும் கை வைத்து ஜெபிக்காத வாங்கு. அவள் அந்த இடத்திலேயே நின்று பாடினாள், வட்டையையும் வரம்பையும் ஒரு எழுத்துக் குறைக்காமல். பழகாமல் கிடந்த குரல் முதல் வரியில் பிசிறியது. இரண்டாவது வரியில் பாடகர் குழு கேட்காமலே சேர்ந்துகொண்டது. நான் கை காட்டவே இல்லை.

முடிந்ததும் செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இனியாவது வேலை ஒழுங்காக நடக்கட்டும் என்ற குரலில், “சகோதரர் செல்லத்துரை குடும்பம், பூசணிக்காய்” என்றார். கணவரின் பெயரைக் கேட்டும் எமிலி அக்கா பூசணியை இடுப்பில் இருந்து இறக்கவில்லை. “அவர் இந்தப் பூசணிக்கு ஒரு நாள் தண்ணி ஊத்தினவரா எண்டு கேளுங்க ஐயா, உங்களுக்குப் பின்னாலதான் இருக்கிறார். பேர் எமிலி.”

தாலந்தை வளர்க்கச் சொல்லி என்னை வைத்த சபையில், இத்தனை நாளில் நான் உருப்படியாகப் பழக்கின ஒரே ஆள் ஜெபரத்தினம் ஐயாதான். அவரும் இன்னும் பெண்களின் பெயரைச் சொல்லுகிற முதல் பாடத்தில்தான் நிற்கிறார்.